பாட்டை உருவிய நாடகம்

பிணம் ஒரு கண்ணைத் திறந்து மாப்பிள்ளையைப் பார்த்தது.

மேடை ஓரத்தில், திரைக்குப் பின்னால் நின்றிருந்தார் மாப்பிள்ளை. நாடகத்தை எழுதி இயக்குபவர் அவர்தான். பிணத்தின் மேல் விழுந்து அழுதுகொண்டிருப்பது அவருடைய மாமியார். அடுத்து இன்ஸ்பெக்டர் உள்ளே வர வேண்டும்.

இன்றைக்கு இன்ஸ்பெக்டரும் அந்தப் பிணம்தான்.

போன வாரம்வரை இந்த இடத்தில் மாமியாருக்கு ஒரு பாட்டு இருந்தது. மூன்று சரணம். அதை வெட்டுவதற்கு மாப்பிள்ளை ஒரு தத்துவமே வைத்திருந்தார்.

"இது இசை நாடகம் இல்ல அத்தை, பாட்டு இருக்கிற நாடகம். உங்க பாட்டை உருவிட்டாலும் கதை நடக்கும்."

"சரிங்க மாப்பிள்ளை, நடக்குதான்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு மாமியார் காய் நறுக்கப் போய்விட்டார்.

தத்துவமாவது மண்ணாங்கட்டியாவது. கைத்தட்டல் முழுக்க அந்தப் பாட்டுக்கே போய்விடுகிறது, எழுதியவனை ஒரு நாயும் சீண்டுவதில்லை. அதுதான் விஷயம்.

மாமியாருக்கோ அந்தப் பாட்டுதான் உயிர். வீட்டில் அவர் வாயைத் திறந்தால் ஆளுக்கொரு வேலை இருப்பதாக எழுந்து போய்விடுவார்கள். மேடையில் மட்டும்தான் உட்கார்ந்து கேட்பார்கள்.

இன்று சாயங்காலம், இன்ஸ்பெக்டர் வேஷம் கட்டும் மாமனாருக்குத் திடீர்க் காய்ச்சல். மாமியார்தான் வந்து சொன்னார். சும்மா கிடக்கிற பிணத்தையே இன்ஸ்பெக்டர் ஆக்கிவிடலாமே என்று யோசனை சொன்னதும் அவர்தான். அவசரத்தில் மாப்பிள்ளை தலையாட்டிவிட்டார்.

பாட்டு இருந்தால் விளக்கு மாமியார் மேல் மட்டும் விழும். இருட்டில் பிணம் நழுவி வந்து தொப்பி மாட்டிக்கொள்ளலாம். பாட்டு இல்லாமல் அத்தனை பேர் முன்னால் பிணம் எப்படி எழுந்து வரும் என்று அந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

மாமியார் அழுத அழுகையையே இன்னொரு தடவை அழுதார். பிறகு நிமிர்ந்து மாப்பிள்ளையை நேராகப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மாப்பிள்ளை இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

விளக்கு மங்கியது. மாமியார் பாடினார். மூன்று சரணத்தோடு விட்டாரா? மேடையில் இதுவரை யாரும் கேட்டிராத நாலாவது ஒன்றையும் எடுத்தார். பிணம் அதற்குள் தொப்பி மாட்டி, தண்ணீரும் குடித்துவிட்டுக் காத்திருந்தது.

மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. பாட்டு அவ்வளவு நன்றாக இருந்து தொலைத்தது.

திரை இடுக்கு வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவர்கூட அசையவில்லை.

கடைசி வரிசையில் ஒரு ஆள் மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, அந்த நாலாவது சரணத்துக்கும் ஒரு வார்த்தை பிசகாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார்.

மாமனார்.