பல் பட்டை

கணினி சொல்கிறபடி இரும்புத் தகட்டை வெட்டும் அந்தப் பிளாஸ்மா மேசை, பழசென்றாலும் பார்க்கப் புதிதாகத்தான் இருந்தது. அடியிலிருந்த தண்ணீர்த் தொட்டிதான் எலி செத்த மாதிரி நாறியது. வாங்க வந்திருந்த கிரில் பட்டறைக்காரி பொற்கொடி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். விற்கிறவர், கணினியில் கடைசியாக ஓடிய டிசைன் ஃபைலையே ஓட்டிக் காட்டினார். நீலத் தீ சீறியது. வெட்டுப்பட்ட துண்டு தொட்டிக்குள் விழுந்தது.

“கைய விட்டு எடுத்துப் பாருங்க, ஒண்ணும் பண்ணாதுங்க.”

முழங்கை வரை கறுப்புச் சேறு வழுக்க, எடுத்தாள். ஒரு சாண் நீளப் பட்டை, விளிம்பெல்லாம் கூரான பல். கடைப் படிகளில் யாரும் உட்காராமலிருக்கப் பதிப்பது. போன மாதம் துணிக்கடைப் படியில் அசந்து உட்கார்ந்த பூக்காரம்மாவின் தொடையை இதே மாதிரிப் பல்தான் கிழித்தது. துண்டை வைத்து ரத்தத்தை அழுத்திப் பிடித்தவள் பொற்கொடி. இதைச் செய்தவன் கை விளங்காமல் போகட்டும் என்று அன்றைக்கு நடுத்தெருவில் நின்று சபித்திருந்தாள்.

“ஊர்ல பாதிக் கடைக்கு நம்ம சப்ளைதானுங்க,” என்றார் அவர். “இன்னும் கேட்டுட்டேதான் இருக்காங்க.”

மூன்று முறை சோப்புப் போட்டும் கையில் நாற்றம் போகவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “அந்த ஃபைலும் மெஷினோட வருமுங்களா?”