ரேடியோவை மாற்ற வேண்டாம்

அய்யாவு வந்ததும் காரைக் கேட்கவில்லை. பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மலேசியாவின் குளுவாங் நகரில் அந்தப் பழைய கார் கடையின் தகரக் கூரை மதிய வெயிலில் நெளிந்து நெளிந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. விற்பனைக்காரன் ரூபேந்திரன் மேசைக்கு அடியில் கையைக் காட்டினான். அய்யாவு ஒரு காலை இழுத்து நடந்து போய், துணிப்பையிலிருந்து முகம் விரிசல் விட்ட கைப்பேசி ஒன்றை எடுத்துச் சொருகினார். சட்டைப் பையில் இன்னொன்று, பட்டன் வைத்தது, துருத்திக்கொண்டிருந்தது.

“ரெண்டு போனா அங்கிள்? டத்தோ பட்டம் வாங்குன பெரிய ஆளு மாதிரி லா.”

அய்யாவு சிரிக்கவில்லை. சார்ஜ் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

காலையில் லாயாங் லாயாங் ஊரிலிருந்து போனில் அழைத்தவர் அவர்தான். என்ன கார், எந்த வருடம் என்று ஒன்றும் விசாரிக்கவில்லை. நம்பர் பிளேட்டைச் சொல்லி, அது விற்றுவிட்டதா என்று மட்டும் கேட்டார். நம்பருக்காகவே கார் வாங்குகிறவர்களை ரூபேந்திரன் நிறையப் பார்த்திருக்கிறான். இதுவும் அப்படி ஒரு பைத்தியம் என்று நினைத்துக்கொண்டான்.

விற்கவில்லை. ஆனால் மெர்சிங்கில் தங்கும் விடுதி நடத்துகிற ஒருவர் நான்கு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அய்யாவு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால்.

அந்த ஆள் முன்பணம் கொடுத்துவிட்டாரா என்றார். இல்லை என்றதும் பணம் வைத்த உறையை எடுத்து மேசைமேல் வைத்து, அவன் பக்கமாகத் தள்ளினார். பேரம் பேச வாயே திறக்கவில்லை.

ரூபேந்திரனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவரை வெளியே அழைத்துப் போய்க் காரைக் காட்டினான். சின்னதாக, கொஞ்சம் உயரம் தூக்கிய வெள்ளி நிறக் கார். லாரி இடித்து வலப்பக்கம் நொறுங்கிப் போனது. காப்புறுதிக்காரர்கள் முழு நட்டம் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். ஒரு பட்டறைக்காரர் ஏலத்தில் எடுத்து, கதவு, பானெட், ஓட்டுநர் இருக்கை எல்லாம் மாற்றி, சோதனையில் தேறவைத்து மறுபடி சாலைக்குக் கொண்டுவந்திருக்கிறார். பத்திரத்தில் எல்லாம் இருக்கிறது, எதையும் மறைக்கவில்லை என்றான்.

ஓட்டுநர் இருக்கையை ஏன் மாற்றினார்கள் என்று அய்யாவு கேட்கவில்லை.

அவனே சொன்னான்.

“உயிர் போன காரு அங்கிள். நம்ம ஆளுங்க பூசை போட எலுமிச்சம்பழத்தோட வராங்க. இத சொன்னா பழத்தோட திரும்பிப் போயிடுறாங்க. வீட்டு வாசல்ல நிறுத்த மாட்டாங்க. நான் வேற நல்லதா பாத்துத் தரேன்.”

“இதுதான் வேணும் தம்பி.”

யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டான். தனக்கு லைசன்ஸ் இல்லை என்றார் அய்யாவு. எப்போதும் மகள்தான் ஓட்டுவாள் என்றார்.

பெண் பிள்ளை ஓட்டப்போகும் கார் என்றதும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் போலிருந்தது. பழைய ரேடியோவை எடுத்துவிட்டு, பெரிய திரை வைத்த ஆண்ட்ராய்டு பிளேயர் சும்மாவே போட்டுத் தருவதாகச் சொன்னான். மெர்சிங்காரருக்கென்று வாங்கிய பெட்டி காருக்குள்ளேயே இருக்கிறது, வேலையும் பாதி ஆகிவிட்டது என்றான்.

அய்யாவு கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். ரேடியோவைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டம் கழன்று தரையில் கிடந்தது.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“கழட்டிட்டீங்களா?”

இன்னும் இல்லை, நான்கு திருகாணிதான் பாக்கி என்றான். அய்யாவு இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார். அதைத் தொட வேண்டாம், காரைக் கழுவக்கூட வேண்டாம், சொன்ன விலைக்கு மேலே தருகிறேன் என்றார். விலையைக் குறைக்கச் சொல்லிக் கும்பிட்டவர்களைத்தான் ரூபேந்திரன் இதுவரை பார்த்திருந்தான்.

சரி, ஏர்கான் குளிர்கிறதா என்றாவது பாருங்கள் என்று ஓட்டுநர் இருக்கையில் ஏறினான்.

அய்யாவு உள்ளே போய்க் கைப்பேசியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்தார். இடப்பக்கம் ஏறி, இழுத்து நடக்கும் காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். நின்றிருக்கும் காரில் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். கைப்பேசியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பொத்தினார்.

ரூபேந்திரன் சாவியைத் திருப்பினான். ரேடியோவின் சின்னத் திரை விழித்தது. அதில் ஒரு பெயர் வந்தது.

தேன்மொழி.

“பழைய ஓனர் போன் பேரு. அழிச்சிடுறேன் அங்கிள்.”

நீட்டிய விரல் பாதியில் நின்றது. பெயருக்குக் கீழே ‘இணைந்தது’ என்று காட்டியது. இணைய வேண்டுமென்றால் அந்த போன் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அவன் பார்வை மெல்ல அவர் மடிக்கு இறங்கியது. விரல்களின் இடுக்கில், விரிசல் விட்ட திரை பூட்டு எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த எண்ணை மகள் யாருக்கும் சொல்லவில்லை. இனி அது முன்பே இணைத்திருந்த கார் ரேடியோவோடு மட்டும்தான் பேசும், ஒருமுறை அணைந்தால் எண் போடாமல் அதுவும் போச்சு என்று போன் கடைக்காரர் சொல்லியிருந்தார். பதினொரு மாதமாக அய்யாவு அதை அணையவிடவில்லை.

ஸ்பீக்கரில் ஒரு பாட்டு கிளம்பியது. இரண்டாம் சரணத்தில், அன்று நின்றுபோன ஒரு சொல்லின் பாதியிலிருந்து.

ரூபேந்திரன் தான் உட்கார்ந்திருக்கும் புது இருக்கையைக் குனிந்து பார்த்தான். பிறகு பாட்டை நிறுத்துவதற்குக் கையைக் கொண்டுபோனான்.

“இருக்கட்டும் தம்பி,” என்றார் அய்யாவு. “மிச்சத்த நாங்க இன்னும் கேக்கல.”