பேச்சுவார்த்தை இல்லாத வீடு

“அப்டேட்டை அமுக்கினது நான்தாம்மா. அதுலேர்ந்து என் மனைவி என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை” என்றார் பெரியவர்.

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். உள்ளறையில் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் பின்தலை மட்டும் தெரிந்தது.

“ஸாரி கேட்டுப் பாருங்க சார்.”

“கேட்டாச்சு, கெஞ்சியாச்சு. பதிலே இல்லை.”

“இதுல இருக்கிறது ரொம்பப் பழைய ஓ.எஸ். உள்ளே துளி இடமில்லை. அதான் அப்டேட் பாதியிலேயே நின்னுடுது. பேசாம புதுசு வாங்கிடுங்களேன்.”

“வாங்கறேன். ஆனா இன்னைக்கே இது ஓடியாகணும். இந்த அமைதியை என்னால தாங்க முடியலைம்மா.”

‘இந்தப் பயத்துல பாதி என் வீட்டுக்காரருக்கு இருக்கக் கூடாதா!’ என்று நினைத்தபடி, வேண்டாத ஃபைல்களையும் அரைகுறையாக இறங்கிக் கிடந்த அப்டேட்டையும் அழித்துவிட்டு, மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை அது தடங்கலில்லாமல் முடிந்தது.

பெரியவர் உள்ளே ஓடி, மனைவியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தினார். பக்கவாதம் வந்து பேச்சை இழந்திருந்த அந்த அம்மா, அசையக்கூடிய ஒரே விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினாள். தட்டி முடித்ததும் கம்ப்யூட்டர் பெண் குரலில் கணீரென்று பேசியது:

“அந்தப் பொண்ணு வந்து எவ்வளவு நேரமாச்சு! ஒரு வாய் காபி குடுக்கணும்னு தோணலையா உங்களுக்கு?”

“அப்பாடா, திட்டிட்டா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினார் பெரியவர்.