பூனை படுத்த சூடு

குளிர்ந்த காலை. வெயில் இன்னும் ஷெட்டுக்குள் எட்டவில்லை. இரண்டே சீட்டுள்ள அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பளபளவென்று நிற்கிறது. பானட்டின்மேல் ஒரு சாம்பல் பூனை கால் நீட்டிப் படுத்திருக்கிறது. அதை செகண்ட் ஹேண்டில் வாங்க அக்காவோடு வந்திருக்கும் தம்பி கண்ணாடி வழியாக ஸ்டியரிங்கையே பார்க்கிறான். மனசுக்குள் ஓட்டவே ஆரம்பித்துவிட்டான். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அக்கா பூனையைப் பார்க்கிறாள். ஆறிக் கிடக்கும் எஞ்சின் முதல் தடவை எப்படிக் கிளம்புகிறது என்று கேட்கத்தான் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கிறாள். முன்னாடியே சூடேற்றி வைத்துவிட்டால் உள்ளே இருக்கும் நோய் வெளியே தெரியாது.

“ஒரு வாரமா சாவியே போடலைங்க,” என்கிறார் விற்பவர். அக்கா பானட்டில் உள்ளங்கையை வைக்கிறாள். “சூடா இருக்கே?”

“பூனை படுத்த சூடுங்க அது.” அவர் சிரித்தபடி பூனையை விரட்டுகிறார்.

“இந்த விலைக்கு இப்படிப் பறக்கிற வண்டி வேற கிடைக்காதுக்கா,” என்று தம்பி முணுமுணுக்கிறான். அவள் வண்டியின் பின்பக்கம் போய்க் குந்துகிறாள். சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுச் சட்டென்று இழுத்துக்கொள்கிறாள். சுட்ட விரலைத் தம்பியின் கன்னத்தில் வைக்கிறாள்.

“இதுக்குள்ளயும் பூனை படுத்துச்சான்னு கேளு.”

தம்பி கேட்கவில்லை. கன்னத்தில் கரியோடு ஸ்டியரிங்கையே பார்க்கிறான். விரட்டிய பூனை திரும்பி வந்து பானட்டில் அதே இடத்தில் சுருண்டுகொள்கிறது.