ஈரத் துணி

கணவன் போனதிலிருந்து மாடிவீட்டுக்காரி படுக்கையை விட்டு எழவில்லை. தேற்றித் தேற்றி அவள் அக்காவுக்கு நாக்கே வறண்டுவிட்டது.

பத்து வருஷப் பகையாளியான கீழ்வீட்டுக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"உன் ஈரத் துணி சொட்டி என் துணியெல்லாம் பாழ். கேக்க ஆளில்லன்னு நெனப்பா?"

"துக்க வீட்டுல என்ன பேச்சும்மா இது?" அக்கா பதறினாள்.

மாடிவீட்டுக்காரியோ விருட்டென்று எழுந்து கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"என் கொடி, என் துணி. அப்படித்தான்டி சொட்டும். உன்னால ஆனதப் பாரு."

தெருவே கேட்கச் சண்டை நடந்தது. கீழ்வீட்டுக்காரி முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

"ஈவிரக்கமில்லாதவ," என்றாள் அக்கா.

மாடிவீட்டுக்காரி பால்கனியை எட்டிப் பார்த்தாள். கொடி காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அவர் போனதுலேருந்து நான் ஒரு துணிகூடக் காயப் போடலையே."

பிறகு மாடிப்படிக்கு வந்து, கீழே பார்த்துக் கத்தினாள்.

"நாளைக்கும் வாடி. ஒரு கை பாத்துடறேன்."