டிரம் இருக்கும் வீடு

எண்பத்தேழாம் வருஷம் இடஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிப் போட்டு ரோட்டை மறித்தார்களே, அந்த வாரத்தில் வெட்டுப்பட்ட புளியமரங்களைவிட அதிகமாக நொந்துபோனவர் ஏட்டு பொன்னுரங்கம்தான். ஸ்டேஷனில் இருந்த எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போய்விட, மிச்சமிருந்த அவரைப் பிடித்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

"இந்த மாசம் சாராயக் கேஸ் ஒண்ணுகூட இல்ல. மேல இருக்கறவங்க என்னைக் காய்ச்சறாங்க. ஒரு ஊறலாவது புடிய்யா. இல்லேன்னா வெள்ளிமலைப் பக்கம் மாத்தி வுட்டுடுவேன்."

வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலை என்றாலே பொன்னுரங்கத்துக்கு ஆகாது. வளைவு ஏறினால் வாந்தி, இறங்கினால் காய்ச்சல். போதாததற்கு, "நீங்க வேணா போங்க, நான் வரமாட்டேன்" என்று அவர் சம்சாரம் தைலம்மாள் முன்கூட்டியே தீர்ப்பு சொல்லியிருந்தாள்.

அவர் இப்படி முழித்துக்கொண்டிருந்தபோதுதான் ஸ்டேஷன் போன் அடித்தது. பெயர் சொல்லாத ஒரு பெண் குரல்.

"மாதா கோயில் தெருவுல ஆல்பர்ட்டு வூட்ல டிரம் வச்சிக்கினு இருக்காருங்க. ராத்திரி பகலா ஓடுது. வூட்டாண்ட போனாலே தல சுத்துதுங்க."

பொன்னுரங்கத்தின் காதில் தேன் பாய்ந்தது. தாலுகாவில் சாராய ஊறல் போடுவதைத் தவிர வேறு எதற்கும் டிரம் வாங்கிய ஆளை அவர் சர்வீசில் கண்டதில்லை. ஊர்க்காவல் படைக்காரர் ஒருவரைத் துணைக்கு இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆல்பர்ட் ஒரு காலத்தில் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவன். குழு கலைந்ததிலிருந்து வீட்டோடு கிடந்தான். என்ன தொழில் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. அது ஒன்றே போதாதா போலீசுக்கு?

"யோவ், டிரம் எங்க?"

ஆல்பர்ட்டின் முகம் மலர்ந்துபோனது. "உள்ளதாங்க ஏட்டய்யா. இப்பதான் சூடேறிக்கினு இருக்குது. வாங்க."

"சரக்கு?"

"எல்லாம் பழைய சரக்குதாங்க. புதுசுக்கு நமக்கு ஏது வசதி?"

இத்தனை பவ்யமாக ஒப்புக்கொள்ளும் குற்றவாளியைப் பொன்னுரங்கம் பார்த்ததேயில்லை. மலை மாற்றல் ரத்தாகிவிட்ட மகிழ்ச்சியில் உள்ளே நுழைந்தார்.

பாதிக் கட்டைகள் செத்துப்போன கீபோர்டு. மைக் செட் கடையில் கழித்துப்போட்ட ஆம்ப்ளிஃபையர். மூடி இல்லாத டேப் ரெக்கார்டர் இரண்டு. இவற்றுக்கு நடுவில் டிபன் பாக்ஸ் அளவில், பட்டன்கள் வைத்த ஒரு பெட்டி.

"இதாங்க டிரம் மிஷின். மெட்ராஸ்ல பழைய சாமான் கடையில வாங்கினது" என்று ஆல்பர்ட் பட்டனை அழுத்தினான். டிக்கு டிக்கு டும் என்றது அது. "தாளத்த ஒரு டேப்புல புடிச்சிக்கினு, அது மேல கீபோர்டு வாசிச்சி, ரெண்டையும் சேத்து அடுத்த டேப்புல புடிப்பேங்க. இப்படியே மாத்தி மாத்தி. கடைசியில பாட்டு கம்மி, இரைச்சல் ஜாஸ்தி. வெளிநாட்டுல இதுக்கு நல்ல மதிப்புங்க."

பொன்னுரங்கம் விடவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தார், அடுப்படியில் பார்த்தார், கொல்லையில் குழி தோண்டிக்கூடப் பார்த்தார். மண்ணுதான் வந்தது. ஆல்பர்ட்டின் மனைவி ஜூலியா காப்பியைக் கையில் கொடுத்து, முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று உட்காரவைத்துவிட்டாள். அந்தத் தண்டனைக்குச் சட்டத்தில் பிரிவே கிடையாது.

வெளியே வந்தால் தெருவே கூடி நின்று சிரிக்கிறது. அன்றைக்கே அவருக்கு 'டிரம் ஏட்டு' என்று பெயர் விழுந்தாயிற்று. மறியலில் மாட்டிக்கொண்ட லாரி டிரைவர்கள், அவர் தலையைக் கண்டதும் லாரிப் பலகையில் டிக்கு டிக்கு டும் தட்டினார்கள். மானம் கப்பலேறிவிட்டது.

சில நாள் கழித்து, ஆல்பர்ட்டின் எதிர்வீட்டுப் பச்சையம்மாள் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டய்யா, அந்த வூட்ல டிரம் இருக்குதுங்க. நாத்தம் கொடலப் பொரட்டுது."

"அவன் போடற பாட்டு நாறத்தான் செய்யும். போம்மா, போயி வேலையப் பாரு."

அதற்குப் பிறகும் இரண்டொருவர் வந்து டிரம் என்று ஆரம்பித்தார்கள். பொன்னுரங்கம் இரண்டாம் தடவை ஏமாறுகிற ஆளா என்ன? எல்லோரையும் சிரித்தே அனுப்பிவைத்தார்.

மாசம் முடிந்தது. கேஸ் இல்லை. மாற்றல் உத்தரவு மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வந்தது. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே போன முதல் வாரத்திலேயே யோகம் அடித்தது. சாமைக் கொல்லை ஓரமாக, லாரி டியூபில் சாராயம் நிரப்பிச் சுமந்துகொண்டு இறங்கிய மலைக்குக் கீழே இருக்கிற ஊர் ஆள் ஒருவன் வசமாகச் சிக்கினான்.

"இத எங்கடா எறக்கப் போற?"

"ஆல்பர்ட்டு வூட்லதாங்க. போலீசு எட்டிப் பாக்காத வூடு அது ஒண்ணுதான். டிரம் இருக்குதுன்னு யாரு போய்ச் சொன்னாலும், அங்க ஒரு கூமுட்ட ஏட்டு சிரிச்சே தொரத்தி வுட்டுடுவாராம்."

பொன்னுரங்கம் யாரோ எவரோ போல முகத்தை வைத்துக்கொண்டு, "அந்த ஏட்டு ஒருவாட்டி வூடு பூரா தேடிப் பாத்தாராமே, ஒண்ணுமே இல்லியாமே?" என்று கேட்டார்.

"எப்டிங்க இருக்கும்? அவரு தேடிட்டுப் போன பொறவுதான டிரம்மே வாங்கினாங்க" என்றான் அவன். "தேடறதுக்கு வரச்சொல்லி அவருக்குப் போன் பண்ணதே ஆல்பர்ட்டு சம்சாரம்தாங்களே."