சிவப்புக் கட்டை

தரையில் ஊரின் வரைபடத்தைக் கட்டம் கட்டமாக விரித்திருந்தார் டீச்சர்.

“அவங்கவங்க வீட்டுல இருந்து ஸ்கூலுக்கு இந்தப் பொம்மை ரோபோவைக் கூட்டிட்டு வரணும். குறைஞ்ச கட்டத்துல வந்தா ஜெயிச்சீங்க. வழியில தடை இருந்தா சிவப்புக் கட்டையை வைங்க.”

கடைசி பெஞ்சுக்காரி நேர்த் தெருவில் கட்டையை வைத்துவிட்டு, ரோபோவை ஊரைச் சுற்ற வைத்தாள்.

“ஏன்டி, அங்க என்ன பள்ளமா தோண்டியிருக்கு?” டீச்சர் கட்டையை எடுத்தார். ஐந்தே கட்டத்தில் ரோபோ பள்ளிக்கு வந்தது. வகுப்பே கைதட்டியது.

“பாத்தியா, எவ்வளவு சுலபம்!”

“ரோபோவுக்குச் சுலபந்தான் டீச்சர். அந்தத் தெருவுலதான் எங்கப்பா இருக்காரு, புது அம்மாவோட. என்னைப் பாத்தா கதவைச் சாத்திக்குவாரு.”

சிவப்புக் கட்டை டீச்சரின் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.